சேற்று நிறக் கோட்டு

“ஒரு மழக்கோட்டு தைக்கிறதுக்கு மூணு வருசம் படிப்பா? நனைஞ்சா காயப்போறோம். இதுல படிக்கிறதுக்கு இன்னா கீது பாப்பா?”

ஆடை வடிவமைப்புப் படிப்பில் நான் சேர்ந்த அன்று என் தாய்மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. மாமா பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதனால்தான் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இன்று ஒரகடம் பக்கம், ஏற்றுமதிக்கு ஆண்களின் மழைக்கோட்டு தைக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். துணியில் கத்தரி படுவதற்கு முன் அதன் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுப்பவள் நான். இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தால் இருக்கட்டும்.

அந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் பூசித் தைத்தார்கள். மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகாது, வெயில் பட்டால் நாறும். பிறகு நீர் நுழைய இடமில்லாமல் நெருக்கி நெய்த துணி வந்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நின்ற அதிகாரிகள் அதை அணிந்தார்கள். இன்று அழகு என்று நாங்கள் தைக்கும் பலவும் அங்கே ஒரு வேலைக்காக இருந்தவைதான். தோளில் பதவிச் சின்னம் மாட்டும் பட்டி, மழை வழிந்து மார்புக்குள் இறங்காமலிருக்க வலது பக்கம் ஒரு மடல், முதுகில் தண்ணீரைத் தள்ளிவிடும் இரண்டாவது துணி, இடைவாரில் பைகள் மாட்ட உலோக வளையங்கள். பிறகு அந்த நிறம். சேற்றில் நிற்பவன் சேறாகவே தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்த நிறம். அதைத் தேர்வில் ஒரு வரியாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த வரியின் பொருள் பின்னால் ஒரு கார்த்திகை மழையில்தான் புரிந்தது.

மாமா பிள்ளைப்பாக்கத்துக்காரர். நிலம் கைவிட்டுப் போனபின் நெடுஞ்சாலை வளைவில் இருக்கும் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். கன்டெய்னர் லாரி ரிவர்ஸில் உள்ளே வரும்போது, சாலையில் இறங்கிக் கையைத் தூக்கி மற்ற வண்டிகளை நிறுத்த வேண்டும். அதுவரை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோட்டு வைத்திருந்தார். அது கிழிந்ததும் சுங்குவார்சத்திரத்தில், எங்கள் ஆலை கழித்த கோட்டுகளைச் சாலையோரம் குவித்து விற்பவரிடம் ஒன்றை வாங்கிக்கொண்டார். “என் அக்கா பொண்ணு கம்பெனி கோட்டு” என்று டீக்கடையில் எல்லோரிடமும் காட்டினார். இடைவாரைக் கொக்கியில் மாட்டாமல் கைலி முடிச்சாக முடிந்துகொள்வார். மங்கிய பழுப்பு மப்ளரைத் தலையோடு முகம்வரை சுற்றிக் காலரைத் தூக்கிவிட்டால் அவருக்குக் குளிர் தெரியாது.

அந்த வாரமே எங்கள் ஆலைப் பேருந்தில் பேச்சு தொடங்கியது. என் பக்கத்தில் உட்காரும் தூத்துக்குடி அக்கா என் கையைப் பிடித்தாள். “ஏ பிள்ள, அந்த வளைவுல ஒரு ஆளு நிக்கான் பாத்தியா? தலையே இல்ல, கேட்டியா!”

“நீ விடிய விடிய போன் பாத்தா உனக்கு எவன் தலதான் தெரியும்?” என்றாள் முன்னிருக்கைக்காரி.

டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. “அத்தப் பாக்காதீங்கம்மா. கைய நீட்டிக் கூப்புடும். நான்லாம் அங்க பிரேக் மேல காலே வெக்க மாட்டேன். எல்லா டிரைவரும் அப்டித்தான்.”

மறுநாள் மாலை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். மழையில் சாலை, சேறு, வானம் எல்லாம் ஒரே நிறமாகக் கிடந்தன. அந்த நிறத்தில் ஒரு துண்டு மட்டும் அசைந்தது. தூக்கிய காலருக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஒரு கை மெல்ல உயர்ந்தது. பேருந்து வேகமெடுத்தது. கடந்துபோன நொடியில் இடுப்பில் அந்தக் கைலி முடிச்சைப் பார்த்தேன்.

வேலை முடிந்து அவர் வரும்வரை மாமா வீட்டிலேயே காத்திருந்தேன். நான் வாய் திறக்கும் முன் அவரே ஆரம்பித்தார். “இந்த மழைக்கு ஒருத்தன் நிக்க மாட்டேன்றான் பாப்பா. கைய காட்டுனா இன்னும் முறுக்கிக்கினு போறான்.”

“உன்னப் பேய்னு நெனச்சிக்கினு கீறாங்க மாமா.”

“நானா? உங்க அத்தகிட்ட சொல்லு, சந்தோசப்படுவா.”

“இத்தினி வருசமா நான் இன்னா சொல்லிக்கினு கீறேன்?” என்றாள் அத்தை சமையலறையிலிருந்து.

“பேய்க்கு யாரும் பிரேக் போட மாட்டாங்க மாமா.”

அவர் சிரிப்பு நின்றது. கோட்டின் வலது கையை நீட்டினார். மணிக்கட்டுப் பட்டி பாதி பிய்ந்து தொங்கியது. “லாரி கண்ணாடி. இன்னிக்கித்தான்” என்றார். பிறகு கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார்.

வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளிப் பட்டைகளை முதுகிலும் கைகளிலும் தோள்களிலும் தைத்தேன். ஊசித் துளையில் நீர் கசியாமலிருக்க உள்ளே டேப் ஒட்டினேன். ஒளிந்துகொள்வதற்கென்றே பிறந்த ஒரு கோட்டை ஊரறிய நிற்கவைக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மாமா போட்டுப் பார்த்து, “இதுக்குத்தான் மூணு வருசமா?” என்றார். அந்தக் குரல் வேறாக இருந்தது. அதன்பின் வண்டிகள் நின்றன; எங்கள் பேருந்திலும் அது என் மாமா என்று தெரிந்துபோனது.

இந்தக் கோடையில் மஞ்சள்காமாலை மாமாவைக் கொண்டுபோய்விட்டது. அத்தை கோட்டை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. “ஆளு இல்லாமயே ஆளு மாதிரி நிக்கிது” என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். குன்றத்தூரில் என் அறை ஆணியில் அது தொங்கியது. மின்விசிறி சுழலும்போது வலது கை கொஞ்சம் எழும்பும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்துக்கொள்வேன்.

மழை தொடங்கியது. ஒரு மாலை தூத்துக்குடி அக்காவின் விரல்கள் என் கையில் அழுந்தின. “ஏ பிள்ள… ஒங்க மாமா.”

வளைவில் அது நின்றது. தூக்கிய காலர், உயர்ந்த கை. பட்டைகள் இல்லை. பேருந்து வேகமெடுத்தது. “நிறுத்துங்கண்ணா!” என்று கத்திவிட்டேன். இறங்கித் திரும்பி நடந்தேன். சுங்குவார்சத்திரக் குவியலில் அதே கோட்டு எத்தனையோ கிடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் இடுப்பில் அந்தக் கைலி முடிச்சைத் தேடினேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அந்தக் காலர் என் பக்கம் திரும்பியது. உள்ளே, மழை வழியும் ஒரு இளைஞரின் முகம். கோவில்பட்டிக்காரர், புதிய செக்யூரிட்டி.

“என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டியளா? இங்க ஒருத்தனும் நிக்க மாட்டக்கான்” என்றார்.

மறுநாள் மாமாவின் கோட்டை அவருக்குக் கொடுத்து, அவருடையதை வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை பேருந்து வளைவை நெருங்கியபோது மழைக்குள் வெள்ளிப் பட்டைகள் எரிந்தன. காலருக்கு மேல் முகம் தெரியவில்லை. மாமாவின் கோட்டு கையைத் தூக்கியது. டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். நின்ற பேருந்துக்கு முன்னால் கன்டெய்னர் லாரி மெல்லப் பின்வாங்கி உள்ளே போனது.

நனைந்தால் காயத்தானே போகிறோம் என்றார் மாமா. அன்றிரவு என் மடியிலிருந்த அந்த இளைஞரின் சேற்று நிறக் கோட்டு இன்னும் காயவில்லை. அதன் வலது கையில் முதல் பட்டையைத் தைத்துவிட்டேன்.