பீட்ரூட் என்று அண்ணன் சொன்னார்

அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டைக் கடந்துவிட்ட இந்த நாளில், முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை மல்லிகா வணக்கம் கூறி எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் நினைவு மலரில் உள்ளது நான் முதலில் எழுதிய கட்டுரை அல்ல. அதை நான்கு நாட்களுக்கு முன்பு கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடைசி நேரத்தில் மாற்றிக் கொடுத்தும் அச்சகத்தார் முகம் சுளிக்கவில்லை.

அண்ணன் பிறந்தது இதே முத்தியால்பேட்டையில்தான். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அண்ணனுக்குப் பதினைந்து வயதும் எனக்கு ஏழு வயதும் நடக்கும்போது அப்பா காலமானார். அந்த வாரமே அண்ணன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ரொட்டிக் கடையில் சேர்ந்தார். காலையில் சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டி, கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் வீதிகளில் வீடு வீடாக நீளமான பகேத் ரொட்டி போடுவார். நன்றி சொல்ல அங்கே கேட்ட ஒரே ஒரு பிரெஞ்சுத் தொடரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா சோறு போடும்போதெல்லாம் "மெர்சி மதாம்" என்பார். அம்மா கரண்டியை ஓங்குவார். மிஞ்சிய ரொட்டியில் முறுகலான இரண்டு முனைகளையும் தனக்கு வைத்துக்கொண்டு, மெத்தென்ற நடுப்பகுதியை எனக்குக் கொடுப்பார். தங்கைக்கு நல்லதைக் கொடுக்கிறார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். முனைதான் ருசி என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்னாளில் பக்கத்திலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்து ஸ்டோர் கீப்பராக உயர்ந்தார். அண்ணியைக் கைப்பிடித்தார். மகன் குமரனை எஞ்சினியராக்கினார். சுனாமி வந்த மறுநாள், பழைய முதலாளியிடம் கேட்டு இரண்டு மூட்டை ரொட்டியை வாங்கிக்கொண்டு கடலோரப் பிள்ளைச்சாவடிக்குச் சைக்கிளிலேயே போனார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அங்கிருந்து வந்த ஒருவர் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தில் சொல்லித்தான் அண்ணிக்கே தெரியும்.

அவர் அடிக்கடி சொன்னது வேறொன்று. எனக்குப் பதினெட்டு வயதில் சென்னையில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்தது. டிரங்குப் பெட்டிகூட வாங்கியாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். "இந்த வருசம் வேணாம்மா. அம்மாவ பாத்துக்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். அம்மா ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். இடம் போனது போனதுதான். பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் எனக்குத் திருமணம் நடந்து, பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறினேன். நான் ஒரு நாளும் அண்ணனைக் குறை சொன்னதில்லை. அவர்தான், அரிசி கொட்டி வைத்திருந்த அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், "உன்ன நான் நிறுத்தியிருக்கக் கூடாது" என்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போயிற்று.

நோயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் கெட்டது என்றதும் நம் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். சொந்தத்திலேயே சிலர் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், யார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஒரு சொட்டு மதுவும் தொட்டதில்லை. எப்போதோ உடம்பில் ஏறிய ஒரு கிருமி, இருபது வருடம் சத்தம் காட்டாமல் இருந்து கல்லீரலை அரித்துவிட்டது. இனி யாரும் அதை மாற்றிப் பேச வேண்டாம்.

உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்திருப்பதாக டாக்டர் கூறினார். கடினமான எதுவும் அங்கே உரசக் கூடாது, காரம் கூடாது, உப்பு குறைய வேண்டும். வாந்தியில் சிவப்பைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வர வேண்டும் என்று திரும்பத் திரும்ப எச்சரித்தார். ரொட்டியின் முறுகலான தோலுக்கும் அன்றோடு தடை வந்தது. அண்ணி அதைப் பிய்த்து எடுத்துவிட்டு உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியை மட்டும் கொடுப்பார். அதற்கு என்ன தொட்டுக்கொள்வது என்பதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது. காரமில்லாத சட்னியை அண்ணன் சட்னி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்போதுதான் நான் ஒரு மாத விடுப்பில் வந்தேன். பிரான்சில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மெல்ல முடியாத பெரியவர்களுக்கு அங்கே பீட்ரூட்டில் ஒரு டிப் செய்வார்கள். அதைத்தான் அண்ணனுக்குச் செய்துகொடுத்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பீட்ரூட்டைக் கழுவி, தோலும் வாலும் நறுக்காமல் முழுசாகக் குக்கரில் வேகவைக்க வேண்டும். வாலை வெட்டினால் சாயமெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். கூடவே இரண்டு பல் பூண்டு. ஆறியதும் தோல் கையோடு வந்துவிடும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்கி, பீட்ரூட், பூண்டு, வறுத்த சீரகப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து மிக்சியில் வெண்ணெய்போல அரைக்க வேண்டும். உப்பைக் குறைத்த குறை தெரியாமலிருக்க எலுமிச்சம்பழத்தைத் தாராளமாகப் பிழியலாம். மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்தது.

முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுக்குப் பேரு என்னா?" என்றார். சொன்னேன். "டிப்பும் இல்ல கிப்பும் இல்ல. இது பாரிஸ் சட்னி" என்று பெயர் வைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார். அண்ணி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தேன். என் விரல்கள் சிவப்பாகவே இருந்தன.

பத்தாம் நாளோ என்னவோ, ஒரு மாலை அதைச் சாப்பிட்டுவிட்டு அண்ணனுக்குப் புரையேறியது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தார். பேசின் முழுக்கச் சிவப்பு. வெள்ளை வேட்டியெல்லாம் சிவப்பு. அண்ணி அலறிய அலறலில் எதிர்வீட்டு செல்வம் ஆட்டோவோடு வந்துவிட்டார். போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். டியூட்டி டாக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், பிறகு துண்டை முகர்ந்து பார்த்தார். "என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டார். நான் சொன்னதும் அந்த அறையில் இருந்த நர்ஸ் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் டாக்டர் எங்களை வழியனுப்பும்போது, "பீட்ரூட்டா இருந்தாலும் பரவால்ல, வந்துடுங்க. நீங்களா முடிவு பண்ணாதீங்க" என்றார். அண்ணனுக்கும் எனக்கும் அது நன்றாகவே கேட்டது.

தெரு முழுக்க ஒரு வாரம் எங்களைக் கேலி செய்தது. "என் தங்கச்சி பீட்ரூட்டுக்கு ஆட்டோ புடிச்சவ" என்று அண்ணனே வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கும் கேலி பிடித்துத்தான் இருந்தது.

நான் திரும்ப வேண்டிய சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை எனக்குப் படிப்பு தொடங்குகிறது. முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்த பிறகு, நாற்பத்து நான்கு வயதில், உதவி நர்ஸ் படிப்புக்குத் தேர்வாகியிருந்தேன். முதல் நாள் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அண்ணனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். காலண்டரில் அந்தத் திங்கட்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார்.

காலையில் கடைசி முறையாக டிப் அரைத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் நிரப்பி, "பதினோரு மணிக்குச் சாப்டுண்ணா" என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். எனக்குக் கொடுத்தனுப்பக் கருவாடும் அப்பளமும் வாங்க அண்ணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும். வாஷ்பேசினில் குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணன் பேசினைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் சிவப்பு இருந்தது.

"என்னாண்ணா?"

"பீட்ரூட்டும்மா. அவசரமா சாப்ட்டேன், பொரையேறிடுச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"எதுக்கு, மறுபடியும் ஊரு சிரிக்கவா? போ, போய் பெட்டிய கட்டு."

நான் சிரித்தேன். அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். சிரித்துவிட்டுப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். அண்ணன் தன் கையால் பேசின் கழுவி நான் பார்த்ததே இல்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு வாடகைக் கார் வந்தது. அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எறங்குனதும் போன் பண்ணு" என்றார். அவ்வளவுதான் பேசினார். மறுநாள் காலை பாரிசில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மதியம் குமரன்தான் கூப்பிட்டான். "அத்த, அப்பா காலையில போயிட்டாரு. நீ திரும்பி வரக் கூடாது, கிளாஸுக்குப் போகணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றான்.

நான் வரவில்லை. அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் வரவில்லை, பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. கூடப் பிறந்தவள் இப்படியா என்று நீங்கள் பேசியது என் காதுக்கும் வந்தது. நானும் என்னை அப்படித்தான் பேசிக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அண்ணன் கடைசியாக வாயில் வைத்தது நான் செய்த உணவு என்பதுதான். சென்ற வாரம் வந்து இறங்கியதும் இந்த மலருக்கு எழுதிய கட்டுரையை அப்படித்தான் முடித்திருந்தேன். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணி தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு சொன்னார்:

"அத எழுதாத மல்லிகா. காரியம் முடிஞ்சு ஃபிரிட்ஜ தொறந்தேன். டப்பா நீ வெச்ச மாதிரியே இருந்துச்சு. ஒரு ஸ்பூன்கூட எடுக்கல அவரு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அண்ணி மிச்சத்தையும் சொன்னார். நான் கிளம்பிய பிறகு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "திண்டிவனம் தாண்டியிருப்பாளா?" என்று கேட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, "செங்கல்பட்டு?" என்று கேட்டாராம். அண்ணி ஆமாம் என்றதும்தான், "சரி, செல்வத்த கூப்புடு. ரத்தம் மத்தியானமே வந்துச்சு. அவளுக்குப் போன் பண்ணாத. ஒரு தரம் நிறுத்துனதே போதும்" என்றாராம்.

மதியமே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் குமரன் கேட்டிருக்கிறான். சொல்ல முடியாது என்றாராம். எனக்கும் தெரியவில்லை. இனித் தெரியவும் போவதில்லை. ரத்தத்தையும் பீட்ரூட்டையும் பிரித்தறியத் தெரியாத நான்தான் அந்தத் திங்கட்கிழமை நர்ஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். படிப்பை முடித்துத் தேறிவிட்டேன். அண்ணன்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அன்று என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். போவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டு முறையும் அவரே எனக்காக முடிவு செய்துவிட்டார். அவர் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், போட்டுவிட்டு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதிருப்பேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு முறையும் கூப்பிட்ட குரலுக்கு ஆட்டோவோடு வந்து நின்ற செல்வத்துக்கும், கடைசிவரை போராடிய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், நான் இல்லாத இடத்தில் என் வேலைகளையும் செய்த குமரனுக்கும், தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நீங்கள் என்னைத் திட்டியபோதெல்லாம் அதைத் தடுக்க அவரிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் எனக்கு வலிக்கும் என்று ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார். என் பொய்யான ஒரு வரி அச்சில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

திதி இந்த நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது; அன்று காலை வீட்டுப் படையலுக்கு நான்தான் டிப் அரைத்தேன். அதே டப்பாவில் வைத்தேன். பக்கத்தில் பகேத் ரொட்டியை வைத்து, பழக்கத்தில் தோலைப் பிய்க்கப் போனேன். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடியே வையி. இனிமே அவருக்கு என்னா" என்றார். முறுகலான இரண்டு முனைகளையும் ஒடித்து அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்தேன். எல்லோரும் கற்பூரம் ஏற்றக் காத்திருந்தார்கள். அதற்குமுன் அண்ணனிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று ஒரு வருடமாகப் பாக்கி இருந்தது. போனில் சொல்ல முடியாமல் போனதைச் சொன்னேன்.

"எறங்கிட்டேண்ணா."