காணிக்கைச் சேவலும் ஓர் இளநீர்த் தீர்ப்பும்

விவிலியத்தில் சொல்லியிருப்பதை யாரும் நிஜமாகவே செய்துவிட மாட்டார்கள் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். உபதேசியார் வேலைக்கு இந்த நம்பிக்கை ரொம்ப வசதி. தைரியமாக எதை வேண்டுமானாலும் போதிக்கலாம். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், சுண்டல் சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் ஊர் பழையபடி இருக்கும். யாருக்கும் சேதமில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிகளும் இதையே நம்பிக்கொண்டு வருவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது இலுப்பூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிளைக் கோயில். பங்குச் சாமி ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறப்பார். மற்றபடி ஜெபமாலை, மறைக்கல்வி, சாவு வீட்டு ஜெபம், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் எல்லாம் என் தலையில்.

அன்பியத்தில் காட்டிய வீரம்

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி, விவிலியத்தில் ஒரு பகுதியைப் படித்து, அதை நம் பிழைப்பில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று பேசுவதற்குத்தான் அன்பியக் கூட்டம். அந்தச் சனிக்கிழமை ஆரோக்கியம் அண்ணன் வீட்டில் கூட்டம். வாசித்தது மலைப்பொழிவில் ஒரு பகுதி. பீடத்துக்குக் காணிக்கை கொண்டு வரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி.

எனக்குக் குரல் நன்றாக எழும்பிய நாள் அது. "பூசை முடியட்டும், பொங்கல் வரட்டும்னு எழுதலைங்க. அங்கேயே வச்சிட்டுப் போகணும்" என்று ஒரு போடு போட்டேன்.

ஆரோக்கியம் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அதுவரைக்கும் சாமி காத்திருப்பாராங்க?"

"கடவுளே காத்திருக்காரு. சாமி காத்திருக்க மாட்டாரா?"

சுண்டல் மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் மெல்லுவதை நிறுத்தினார்கள். என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. ஆரோக்கியம் அண்ணனும் அவர் தம்பி சவரியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது ஊருக்கே தெரியும். அவர்களுடைய அம்மா இறந்தபோது கல்லறைக்குக் கல் வைத்தார் அண்ணன். அதில் 'இவண்' என்று போட்டு, தன் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வெட்டினார். தம்பி பெயரை விட்டுவிட்டார். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு போன சவரி அதைப் படித்தார். மெழுகுவர்த்தியை ஏற்றாமலே திரும்பி வந்து, அண்ணன் இனி தன் வாசலை மிதித்தால் கால் இருக்காது என்று தெருவில் நின்று சொன்னார். சவரி இளநீர் வியாபாரி. அரிவாள் அவருக்குத் தொழில் சாமான். அதனால் அந்தப் பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். பேசுகிற ஜோரில் யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்துபோயிற்று.

சேவல் தரையில்

மறுநாள் பூசையில் அந்த அன்பியத்துக்குத்தான் காணிக்கைப் பவனி முறை. எங்கள் ஊரில் வீட்டில் இருப்பதைக் கொண்டுவருவார்கள்: வாழைத்தார், தேங்காய், படி நெல். பூசை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவோம். ஆரோக்கியம் அண்ணன் கையில் கால் கட்டிய சேவல் ஒன்று. நான் கார்டுலெஸ் மைக்கோடு பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

பவனி நடுக்கோயிலுக்கு வந்தபோது அண்ணன் நின்றார். குனிந்து சேவலைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொன்னபடி செய்கிறேன், சரிதானே என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. நான் பதற்றத்தில் தலையாட்டித் தொலைத்தேன். அவர் திரும்பி, வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

சேவல் கூவியது. கோயிலுக்குள் சேவல் கூவினால் கிறிஸ்தவன் எவனுக்கும், சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன பேதுருதான் ஞாபகம் வருவார். சனம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

சாமி பீடத்திலிருந்து புருவத்தாலேயே என்ன என்று கேட்டார். நான் கையால் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, கீபோர்டில் இருந்த டெய்சியிடம் காணிக்கைப் பாட்டைத் திரும்ப எடு என்று சைகை செய்தேன். கடைசிச் சரணத்தோடு முடிக்கப்போன பிள்ளை மறுபடி பல்லவிக்குப் போனது. நான் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடினேன். வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டே வாய்விட்டு ஜெபித்தேன்.

"ஆண்டவரே, நான் சும்மா பேச்சுக்குத்தானே சொன்னேன். இந்த மனுசன் நெசமாவே போறாரே. அவரு காலைக் காப்பாத்தும்."

கோபுரத்து ஹாரனிலிருந்து என் குரல் எனக்கே திரும்பி வந்தது. மைக் கையில் இருந்தது. ஆன் ஆகியும் இருந்தது. உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

வெட்கப்பட நேரமில்லை. மைக்கை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். கிடைத்த செருப்பு ஒன்று என்னுடையது, இன்னொன்று யாருடையதோ. ஓடும்போது மனசு தன் பாட்டுக்கு எஃப்.ஐ.ஆர். எழுதிக்கொண்டே வந்தது. முதல் எதிரி சவரி. இரண்டாம் எதிரி, தூண்டிவிட்டவர், உபதேசியார். பேப்பரில் படம் போடுவார்களே, அந்த மீசை சரியாக விழாத ஆதார் போட்டோவைப் போட்டால் என்ன செய்வது என்பதுவரை கவலைப்பட்டேன். ஒரு மனுஷனுடைய கால் போகப்போகிறது, எனக்கு மீசைக் கவலை.

இளநீர்த் தீர்ப்பு

சவரி வீட்டு வாசலில் லோடு ஆட்டோ நின்றது. பக்கத்தில் இளநீர்க் குவியல். சவரி கையில் அரிவாள். எதிரே ஆரோக்கியம் அண்ணன், இரண்டு காலோடு, வாசல் கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். வேலிப்பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நானும் நின்றேன்.

"கல்லுல ஒம் பேரை விட்டது தப்புடா" என்றார் அண்ணன். "மறந்து விடலை. வேணும்னுதான் விட்டேன்."

என் உயிர் பாதி போயிற்று. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று தவித்தேன். உபதேசியாருடைய லட்சணம் அப்படி.

சவரி குவியலிலிருந்து ஓர் இளநீரை எடுத்து ஒரே வீச்சில் சீவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இளநீர் அண்ணனுக்கு நேரே நீண்டிருந்தது.

அண்ணன் வாங்கவில்லை. "இப்பக் குடிக்கக் கூடாதுடா. இன்னும் நன்மை வாங்கலை" என்றார்.

நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பம், வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் மட்டும் ஆகும். அண்ணன் சொன்னது சட்டப்படி சரி. சவரியின் முகம் இறுகியது. "ஏன், எங் கை பட்டதைக் குடிச்சா ஆகாதோ" என்றார். சீவிய அரிவாள் இன்னும் கையிலேயே இருந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உபதேசியாரே, நீங்களே சொல்லுங்க. குடிக்கலாமா, கூடாதா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். அரிவாளைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"இளநீர்னா என்னங்க? நீர்தானே. பேருலேயே இருக்கு. தாராளமாக் குடிக்கலாம்" என்றேன்.

அண்ணன் வாங்கி அண்ணாந்து குடித்தார். சவரி அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, பூசையைப் பாதியில் விட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டார். ஆமாம், நடுக்கோயிலில் சேவலைப் போட்டுவிட்டு வந்தேன் என்றார் அண்ணன். "சேவலைத் தனியா விட்டா அது கோயிலை அசிங்கம் பண்ணி வைக்கும். வா" என்று சவரி அரிவாளை ஆட்டோவில் எறிந்துவிட்டு முன்னால் நடந்தார்.

கோயிலில் டெய்சி அதே பாட்டை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள். பாடுவதற்குத்தான் யாருக்கும் தெம்பில்லை. அண்ணன் சேவலை எடுத்துப் பீடத்தில் கொடுத்தார். சவரி கடைசி வரிசையில் போய் நின்றார்.

பூசை முடிந்ததும் சாமியிடம் என் தீர்ப்பை ஒப்புக்கொண்டேன். இளநீர் தண்ணீரில் சேராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாமி பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"மருந்துன்னு வச்சிக்கங்க" என்றார்.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். எதைப் போதிக்கிறீர்களோ அதை யாராவது ஒருவர் செய்வார். அவர் செய்கிறபோது கூட ஓடுவதற்குத் தயாராக இருந்தால் மட்டும் வாயைத் திறங்கள்.

அந்தக் கல்லில் இன்னும் சவரியின் பெயர் ஏறவில்லை. கல் வெட்டுகிறவர் வருகிறேன் வருகிறேன் என்கிறார். அண்ணன் தம்பி பேசிக்கொள்கிறார்கள், ரொம்ப இல்லை.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனிக்கு ஆள் கூப்பிட்டேன். எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். யாருக்கு யாரோடு என்ன என்று எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. எனக்கும் வல்லத்திராக்கோட்டையில் பேசாத மச்சான் ஒருவர் உண்டு. பவனியில் கொண்டுபோகிற அப்பத் தட்டை நானும் தொடவில்லை. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் சாமியே பக்கத்து மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எங்கள் கோயிலில் காணிக்கைப் பவனி நடக்கவில்லை.