நாங்கள் நடக்காத நாலு நாள் முகட்டு வழி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்படியிருந்தும் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனி நிற்கிறதென்றால் அது நான் நிறுத்தியது. அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்ததும் நான்தான், முதல் ஆர்டர் பிடிக்க வடக்கே ரயில் ஏறியதும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சீசன் நேரத்தில் எந்த லோடு எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்று தாளைப் பார்க்காமல் சொல்லுவேன். அப்படிப்பட்டவன் போட்ட திட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் கடைசி வரை நடக்காமல் போனது. அது ஒரு மலைநடை.

ஆசை என் மைத்துனனுடையது. என் மனைவிக்குத் தம்பி. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருந்தவன். மழை விட்ட காலைகளில் கம்பெனி வாசலில் நின்றால் மேற்கே மலைத்தொடர் ஒரு கோடாகத் தெரியும். அதைப் பார்த்து, "அந்த உச்சிமேலயே நடந்து போனா எப்படியிருக்கும் அத்தான்?" என்பான். முப்பது வருடமாக அதையே சொன்னான். போன வருடத்துக்கு முந்தின தீபாவளி முடிந்து கம்பெனியை அடைத்ததும், "சரிலே மாப்ளே, பொங்கலுக்கு முந்தி போயிருவோம்" என்றேன். அவனுக்கு அறுபது முடிந்திருந்தது. எனக்கு அறுபத்தாறு.

கண்ணுக்குத் தெரிகிற மலை புலிக்காடு, அதில் விடமாட்டார்கள். விசாரித்ததில் கொடைக்கானலுக்கும் மேலே ஒரு வழி சொன்னார்கள். ஒரு மலைக்கிராமத்தில் புறப்பட்டு, முகடு முகடாக நாலு நாள் நடந்து, சுற்றி வந்து அதே கிராமத்தில் இறங்கலாம். மூன்று ராத்திரி கூடாரத்தில் படுக்கை. அந்த ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக வருவார். அனுமதியும் அவரே வாங்கித் தருவார். அவர் போனில் சொல்லச் சொல்ல, அச்சு பிசகிய லேபிள் தாளைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் நான் வழியை வரைந்தேன். ஓடை, புல்வெளி, இரண்டாம் நாள் செங்குத்து ஏற்றம் எல்லாம் அதில் இருந்தது. படித்தவன் வரைந்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

பொருள் பட்டியலும் நானே போட்டேன். மைத்துனன் அதை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அத்தான், அடுப்பு எழுதியிருக்கீக, அரிசி எழுதியிருக்கீக. தீப்பெட்டி எங்க?"

வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் தீப்பெட்டியோடு போகக் கூடாது என்று வாசலிலேயே சட்டைப்பையைத் தடவிப் பார்த்து அனுப்புகிற தொழில். நாற்பது வருடமாகப் பையில் தீப்பெட்டி வைத்துப் பழக்கமில்லாதவனுக்கு அது எப்படி ஞாபகம் வரும்?

"சிவகாசிப் பக்கத்து ஆளு தீப்பெட்டி இல்லாம மலைக்கு வந்தான்னு அங்கன சிரிச்சிருப்பாக" என்றான்.

"நீ ஒண்ணு எடுத்துப் போடு. பெரிசாப் பேச வந்துட்ட."

அது சின்னப் பிசகு. பெரிய பிசகு வேறு இடத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் மருந்தை விடியற்காலையிலேயே கலந்துவிட வேண்டும். வெயில் ஏறுமுன் காகிதக் குழாய்களில் செலுத்தி முடிக்க வேண்டும். கலந்த மருந்தில் மறுநாளைக்கு மிச்சம் வைக்கவே கூடாது, வைத்தால் ஆபத்து. நான் மலைநடையையும் அப்படியே பிரித்தேன். காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு, பத்து மணிக்குள் அன்றைய தூரம் முடிந்துவிட வேண்டும், மிச்சம் கிடையாது. வழிகாட்டி போனில் கெஞ்சிப் பார்த்தார்.

"ஐயா, மேல எட்டு மணி வரைக்கும் பனி மூடியிருக்கும். குளிரு நெஞ்சப் பிடிக்கும். நாங்க வெயில் வந்தப்புறம்தான் நடப்போம், இடையில உக்காந்து உக்காந்து போவோம்."

"வெயிலுக்கு முந்தி வேலைய முடிச்சே ஆளானவன் நான். நீங்க கூட வந்தாப் போதும்" என்றேன்.

மைத்துனன் பக்கத்தில்தான் நின்றான். சரியென்று தலையாட்டினான்.

மார்கழியில் பழகிப் பார்க்கப் புறப்பட்டோம். கம்பெனித் தராசில் நிறுத்து, ஆளுக்குப் பதினோரு கிலோ பையில் கட்டி, விடியுமுன் திருத்தங்கல் மலைக்கோயில் படியேறினோம். நான் மூச்சு வாங்காமல் மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் அவன் பாதியில் நிற்கிறான். குளித்துக் கோயிலுக்கு வந்த பெண்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

"ஏலே மாப்ளே! மிச்சம் வைக்காதலே, வா!" என்று கத்தினேன்.

வந்தான். பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தான். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. "பனி அத்தான், பனி" என்றான். நானும் பனி என்றே நினைத்தேன்.

அனுமதிக்கு மருத்துவர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நான் எல்லாச் சோதனையும் செய்து வாங்கினேன். அவனும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எக்ஸ்ரே படம்.

"தம்பி வீட்டுல பீரோவுக்குப் பின்னால இருந்துச்சாம். அவன் பொண்டாட்டி குடுத்து விட்டிருக்கா. நுரையீரலு பாதிதான் வேலை செய்யுதாம். மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லி மூணு மாசமாச்சு."

"சான்றிதழ் குடுத்தானே?"

"தெரிஞ்ச எடத்துல கேட்டு வாங்குனது. எழுதிக் குடுத்தவரு அவன் நெஞ்சுல குழாய் வச்சுக்கூடப் பாக்கல."

"இப்பமே போய் வர வேண்டாம்னு சொல்லிப்போடுதேன்."

"சொன்னா, எனக்கு ஒண்ணுமில்ல, வருவேன்னுதான் நிப்பான். உங்ககிட்ட முடியாதுன்னு அவன் என்னைக்காவது சொல்லியிருக்கானா?"

சோற்றில் கை வைத்தபடி யோசித்தேன். மருந்து கலக்கிறவர் நின்றுபோன வருடம், "நான் பாத்துக்கிடுதேன் அத்தான்" என்று கலவை அறைக்குள் போனவன் அவன். ஆள் கிடைக்கிற வரைக்கும் என்றுதான் பேச்சு. இருபத்தாறு வருடம் விடியற்காலையில் அந்த அறையில் அவன்தான் நின்றான். வெளியே வரும்போது மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி புருவத்திலும் மூக்கிலும் வெள்ளியாகப் படிந்திருக்கும். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆர்டருக்குப் போய்விடுவேன். கம்பெனியை நான் ஒருவனே நிறுத்தினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. அதோடு இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் அவன் கம்பெனி பக்கத்து டீக்கடையில் நாலைந்து வேலையாட்களோடு இருந்தான். நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே காலைச் சாய்த்து இறங்கினேன்.

"என்ன அத்தான்?"

"முழங்கால்லே. அன்னைக்குப் படியேறுனதுல பிடிச்சிருச்சு. மலை ஏறுனா மொத்தமாப் போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

வேலையாட்கள் என் முழங்காலைப் பார்த்தார்கள். பிறகு அவன் சிரிக்கத் தொடங்கினான்.

"பத்து மணிக்குள்ள முடிக்கணும், மிச்சம் வைக்கக் கூடாதுன்னு அம்புட்டுச் சத்தம் போட்டீக! இப்ப நாலு நாளும் மிச்சமால்ல போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என் முகத்துக்கு நேரே சிரித்தது அன்றைக்குத்தான். அவன் சிரித்துச் சிரித்து இருமினான். இருமி முடிக்க ரொம்ப நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும் அத்தான், காலு சரியாகட்டும். நான் எப்பன்னாலும் ரெடிதான்" என்றான்.

வழிகாட்டிக்குப் போன் போட்டு இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். "நீங்க மட்டுமாவது வாங்களேன்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் வரைக்கும் போகிற இடமெல்லாம், அத்தான் கால் கெடுத்திராவிட்டால் நான் மலையைச் சுற்றி வந்திருப்பேன் என்று அவன் சொன்னான். என்னிடம் கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன். அவன் இருக்கிற இடத்தில் நொண்டி நடந்தேன். மருந்து அறைக்கு வேறு ஆள் போட்டேன். அதையெல்லாம் நான் கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தேன். ஆனால் இருபத்தாறு வருடம் தாமதமாகச் செய்தேன்.

ஆடி மாதம் அவன் போய்விட்டான். அவன் வீட்டு வாசலில் பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். அவனுடைய பெரியப்பா மகன் என் கையைப் பிடித்து விலக்கினான்.

"நீங்க வேண்டாம் அத்தான். உங்களுக்குத்தான் காலு முடியாதுல்ல. நடுவழியில சரிஞ்சிட்டீகன்னா என்ன செய்ய?"

இரண்டு பெட்டி லோடை ஒரே தோளில் ஏற்றினவன் நான். எனக்கு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. நிலைப்படியில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். சுற்றி அவன் மலைக்கதையைக் கேட்ட ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நான் தோளை எடுத்துக்கொண்டேன். வேறொருத்தன் அந்த இடத்தில் நுழைந்தான்.

சுடுகாடு வரைக்கும் பின்னால், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனேன்.