செருப்பு வரைகிறவள்

போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் வார்டு வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது.

உள்ளே எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. அப்படியானால் மற்ற செருப்பெல்லாம் எங்கே? வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எல்லாரும் கேரி பேக்குல போட்டு உள்ளேயே எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. சிஸ்டர் சத்தம் போட்டுப் பாத்துச்சு. யாரும் கேக்கல" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என்னால்தான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் படம் வரைகிற பைத்தியம் தெரிந்ததுதான். என் கணவருக்குச் சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியதிலிருந்து, வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான். அவர் உள்ளே நாலு மணி நேரம் மெஷினோடு கிடப்பார். நான் வெளியே ஸ்டீல் நாற்காலியில். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டேன். போகிற நாளெல்லாம் ஒரு படம். கோட்டுக்குப் பால்பாயிண்ட் பேனா. கலர் வேண்டுமென்றால் அன்றைக்குக் கையில் கிடைக்கிற காகிதம் மட்டும்தான் – பிஸ்கட் கவர், பஸ் டிக்கெட், மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள்... கத்தரிக்கோல் கிடையாது. நகத்தால் கிழித்து ஒட்டுவேன்.

ஆளைப் பார்த்து வரைய எனக்குக் கூச்சம். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து பழக்கமில்லை. குனிந்தே இருக்கிறவளுக்கு என்ன தெரியும்? செருப்புதான் தெரியும். வார்டுக்குள் வெறுங்காலோடு போக வேண்டும் என்பதால் வாசலில் வரிசையாகக் கழற்றிப் போட்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அதிலும் முகம் மாதிரி ஏதோ தெரிய ஆரம்பிக்கும்.

குரும்பகரத்திலிருந்து வரும் ராமையன் அண்ணனுடையது நீல ரப்பர் செருப்பு. பிய்ந்த வாரை ஊக்கு குத்தி நிறுத்தியிருப்பார். சோப்பு கவரின் நீலத்தைக் கிழித்து ஒட்டினேன். ஊக்குக்கு மாத்திரை அட்டை வெள்ளி. அவரிடம் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார்.

"ஊக்கக்கூட விடல பாரு" என்றார். "வயல்ல நடவு நடக்குது. இந்தச் செருப்பு என்னைய இங்க இழுத்துட்டு வந்து போட்ருக்கு."

அடுத்த வாரம் அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

அதற்குப் பின் பாலிடெக்னிக் வாத்தியார். பாலிஷ் மங்காத கறுப்பு ஷூ. வரைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவரும் போய்விட்டார்.

அந்த வார்டுக்கு யாரும் ஜலதோஷத்துக்கு வருவதில்லை. நான் வரையாதவர்களும் போயிருக்கிறார்கள். ஆனால் அதையெல்லாம் யோசித்துப் பார்க்க அங்கே யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஒருநாள் இன்னொரு நோயாளியான ஹமீது பாயின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "தப்பா நெனைக்காதீங்க அக்கா. இவங்க செருப்பு, மவன் துபாய்லேந்து அனுப்புனது. அத மட்டும் வரைய வேணாம்" என்றார்.

"வரைய மாட்டேங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். இந்தக் காலத்திலும் இப்படியா என்று நீட்டி முழக்கினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வாசலில் கிடந்த அந்த ஒரு ஜோடி பழுப்பு நிறம். கால் வீங்குகிற நாளில் அகலமாகத் திறந்துகொள்ள வசதியாக, ஒட்டிப் பிரிக்கிற வார் வைத்தது. என் கணவருடையது.

கிளிஞ்சல்மேடு அஞ்சலை அக்கா தன் முறைக்காகக் காத்திருந்தார். மீன் விற்கிறவர், குரலைத் தாழ்த்தத் தெரியாது. அவருடைய செருப்பும் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது.

"என்ன தங்கச்சி, இன்னைக்கிப் படம் இல்லயா?"

"செருப்பே இல்லையேக்கா."

"ஏன், அந்தா ஒண்ணு கெடக்கே."

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா வரையிற. ஊரு செருப்பெல்லாம் வரைஞ்ச. ஒம் புருசன் செருப்ப ஒரு நாளு வரைஞ்சிருக்கியா? நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. "எங்கள கிறுக்குன்னு நெனச்சிருப்ப. ஒனக்கும் பயந்தான்."

அவர் சொன்னது நிஜம். ராமையன் அண்ணன் போவதற்கு முன்பே, முதல் நாளிலிருந்தே, அந்தப் பழுப்புச் செருப்புப் பக்கம் கண் போனால் பேனா அடுத்த செருப்புக்குத் தாவிவிடும். அடுத்தவர் பயத்துக்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைக்கிறோம். நம்முடையதற்கு மட்டும் ஜாக்கிரதை என்று பெயர்.

மெஷின் முடிந்து என் கணவர் வெளியே வந்தார். அஞ்சலை அக்காவின் குரல் உள்ளே வரை போயிருக்கிறது. சுவரைப் பிடித்தபடி செருப்பில் கால் நுழைக்கப் போனவர், நுழைக்காமல் விரலால் அதை என் பக்கம் தள்ளினார்.

"வரை."

"வீட்டுல போயி வரையிறேன். ஆட்டோ நிக்குதுங்க."

"நிக்கட்டும்." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாருக்கும் அவங்கவங்க செருப்பக் காட்டுன. ராமையன் பாத்தான். வாத்தியார் பாத்தாரு. நான் மட்டும் பாக்காமப் போகணுமா?"

அந்த 'போகணுமா'வை நான் காதில் வாங்காதது போல் குனிந்தேன்.

இடது செருப்பு. டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் சரியான பழுப்பாக இருந்தது. அதைக் கிழித்து ஒட்டினேன். குதிகால் அழுந்திய பள்ளத்தைப் பேனாவால் கறுப்பாக்கினேன். கோடு கோணிக்கொண்டு போனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கி இவ்வளவுதாங்க" என்று மூடினேன்.

"இன்னொண்ணு?"

"வியாழக்கெழம."

வியாழக்கிழமை வலது செருப்பின் அடிப்பாகத்துக்குக் கோடு மட்டும் போட்டேன். சனிக்கிழமை குதிகால்.

"இப்படி வரைஞ்சா எப்பதான் முடிப்ப?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால் அஞ்சலை அக்கா பதில் சொன்னார். "முடிக்கிறதுக்கா வரையுது அது?"

வலது செருப்புக்கு இன்னும் வார் பாக்கி. எனக்கு அவசரமில்லை.