சூசை அண்ணனின் உயரம்

சூசை அண்ணனை அவரைவிடச் சிறிய பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டார்கள். நடந்தது தவறு. அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றீர்கள். ஒருவரும் அளக்கவில்லை.

செய்தி போன செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அவருடைய தங்கை மகன் அந்தோணி போனில் சொன்னான். நான் திருநகரிலிருந்து ஆட்டோ பிடித்து வாடிப்பட்டி போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடப் போனார்கள். துணிக்கடியில் முழங்கால்கள் மடங்கி மேடாகத் தெரிந்தன. கூன் விழுந்த கடைசிக்கால உயரத்தைப் பெட்டிக் கடையில் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

"கையை அளந்தியாப்பா?" என்றேன்.

"சாமியார் வந்துட்டாரு மாமா. போன ஆளுக்கு உசரம் என்னத்துக்கு?"

மூடிவிட்டார்கள். என்னத்துக்கு என்று இப்போது சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் லாரி ஏறி என் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போயின. மிஷன் ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் செய்பவர் சூசை அண்ணன். ஒரு கால் மிஞ்சியிருந்தால் அதைப் பார்த்து மற்றதைச் செய்யலாம். எனக்கு எதைப் பார்த்துச் செய்வது?

"முன்ன எம்புட்டு உசரம் இருந்தீங்க?"

"அஞ்சடி எட்டு."

"கால் போன பெறகு எல்லாருமே ஒண்ணு ரெண்டு அங்குலம் வளந்துருறாங்க மாப்ள. கையை விரிங்க."

ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை டேப்பை இழுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தனியாக அளந்து கணக்குப் போட்டார். ஐந்தடி ஆறரை என்றார். நான் ஒப்பவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் பழைய பேப்பரைப் படித்தே எழுத்தறிந்தவன் நான். யார் சொன்னாலும் சரிபார்க்காமல் விடமாட்டேன். "நீங்க விரிங்க" என்றேன். சிரித்துக்கொண்டே விரித்தார். ஐந்தடி ஒன்பது. அவரைச் சுவரோரம் நிற்கவைத்து நர்ஸை அளக்கச் சொன்னேன். அதுவும் ஐந்தடி ஒன்பது. அப்புறம்தான் என் ஐந்தடி ஆறரைக்கு ஒப்பினேன்.

உயரம் குறைந்தால்தான் விழாமல் நிற்பேன், ஐந்தடி மூன்று போதும் என்றார் டாக்டர். "பழகுற வரைக்கும் குட்டையா இருக்கட்டும். பெறகு மாசம் அரை அங்குலமாத் தாரேன்" என்றார் அண்ணன். தந்தார். கடைசி அரை அங்குலம் ஏறிய அன்று வீட்டு வாசலில் போய் நின்றேன். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூஞ்சி பழைய எடத்துலயே இருக்கு" என்றாள்.

அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. என் சரியான உயரம் தெரிந்த இரண்டு பேரும் இப்போது இல்லை.

இனி ஆக வேண்டியவை. அந்தோணி, கல்லறையை அவருடைய முழு உயரத்துக்குக் கட்ட வேண்டும், பெட்டியின் நீளத்துக்கு அல்ல. கூன் விழுந்தவருக்கு என்று யார் வந்தாலும் கையை அளந்து வரச் சொல்லிப் பெட்டிக் கடைக்காரர் திருப்பி அனுப்ப வேண்டும். வயதாகிவிட்டது, கால்களைக் குட்டையாக்கிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவரும் புது டாக்டர் அந்தப் பேச்சை விட வேண்டும். அண்ணன் எனக்கு விட்டுப்போனது ஐந்தடி ஆறரை அங்குலம். முப்பதாம் நாள் பூசையன்று அதில் கால் அங்குலமும் குறையாமல் நான் அவர் தலைமாட்டில் நிற்க வேண்டும்.