மல்லிகா டீச்சரின் கேசட்டும் என் செலோ டேப்பும்

"…சத்தத்த நிறுத்தி வெச்சிட்டீங்களா? அது சத்தம் இல்லைங்கண்ணா. அது என் எழுத்து. ஒரு வருசமா ஒவ்வொரு புள்ளியா வெச்ச எழுத்து."

மல்லிகா டீச்சர் கடைக்கு முன்னால் நின்று, கையில் ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு சொன்னது இது. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பாய்ப் போட்ட பிள்ளைக்கு எங்கே தப்பு என்று காட்டுவதுபோல நிதானமாகச் சொன்னார்.

தப்பு என்னுடையது. அதை நான் எப்படிச் செய்தேன், எப்படிப் பாதி சரி செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இப்போது செல்போன் சர்வீஸ் செய்கிற தம்பிகளுக்கு உதவும்.

கடையும் அங்கே கேட்ட பேச்சும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டுக்குப் பத்து அளவில் என் கடை. ரேடியோ, டேப் ரிக்கார்டர் சர்வீஸ், கூடவே பாட்டுப் பதிவு. எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் எங்கள் வீட்டு ரேடியோவைப் பிரித்தேன். அது கெட்டுப்போனது. அடுத்து மாமா வீட்டு ரேடியோவைப் பிரித்தேன். அது பாடியது. அன்றிலிருந்து தொழில்.

மெஷினைவிட எனக்குப் பிடித்தது, மெஷினுக்கு என்ன கோளாறு என்று ஜனங்கள் சொல்லும் விதம். கருணாபுரத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் டேப் ரிக்கார்டரைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து, "பாட்டு நல்லாத்தான் கீது. பாடறவருக்குதான் சளி புடிச்சிக்கினு கீது" என்றார். நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அழுக்கு. ரிஷிவந்தியத்து அம்மா ஒருவர், "மின்ன நடந்து வந்த பாட்டு இப்ப குந்திக் குந்தி வருதுப்பா" என்றார். உள்ளே நாடாவைச் சுற்றும் ரப்பர் பெல்ட் தொய்ந்துவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தாலும் இதற்குமேல் சரியாகச் சொல்ல முடியாது.

அந்த எண்பதுகளில் ஈக்குவலைசர் வைத்த செட்டுக்குப் பெரிய மோகம். பச்சையும் சிவப்புமாய் விளக்குகள் ஏறி இறங்கும். பாட்டைக் கேட்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், மரப்பெட்டிக்குள் ஒரே ஸ்பீக்கர் வைத்த பழைய மோனோ செட்டில் மனுஷக் குரல் மனுஷக் குரலாக வரும். இன்றைக்கு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவந்து காட்டுகிறார்கள். உள்ளங்கை அளவு இருந்துகொண்டு அது போடும் பேஸ் சத்தத்தைக் கேட்டால் எனக்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடுகிறவர் பக்கத்து வீட்டில் இருந்து பாடுவதுபோல இருக்கிறது.

கம்ப்யூட்டர் பாடிய பாட்டு

டீச்சரின் அண்ணன் வளைகுடாவில் இருந்தார். ஊருக்கு வந்தபோது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். கீபோர்டுதான் கம்ப்யூட்டர், தனிப் பெட்டி கிடையாது. டிவியில் மாட்டினால் எழுத்து தெரியும். ஆங்கில எழுத்துதான். நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும். அதனால் எழுதிய புரோகிராமைச் சாதாரண ஆடியோ கேசட்டில் பதிந்து வைக்கவேண்டும். மறுபடி வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரில் போட்டு அதைக் கம்ப்யூட்டருக்குக் 'கேட்க' விடவேண்டும். காதால் கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு.

டீச்சர் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சிலேட்டில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் புள்ளி வரவேண்டும் என்று வைத்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சிலேட்டைத் துடைத்துவிட்டு அடுத்த எழுத்து. 'ஞ' மட்டும் நான்கு நாள் பிடித்ததாம். "சுழி வெச்சா கால் காணோம், கால் வெச்சா சுழி காணோம்" என்பார்.

கடலூரில் மாவட்டக் கண்காட்சி வந்தது. அதில் காட்டி நல்ல பேர் வாங்கிவந்தால் பள்ளிக்கூடத்தில் இதற்கென்று ஓர் அறை தருகிறேன் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அதுவும் எப்படி? "கணக்கு டீச்சருக்கு டிவிப் பொட்டி எதுக்கும்மா?" என்று சிரித்துவிட்டுத்தான்.

டீச்சர் முதல்முறை என்னிடம் வந்தது அதற்கு மூன்று மாதம் முன்னால். கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது என்றார். டேப் ரிக்கார்டரின் ஹெட் சாய்ந்திருந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் கீச்சு கூர்மையாகும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தவேண்டும். நிறுத்தினேன், கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது.

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். அந்தக் கீச்சு மாதிரி ஹெட் சரிபார்க்கத் தோதான சத்தம் என்னிடம் இல்லை. டீச்சரைக் கேட்காமலே முழுவதையும் எனக்கென்று ஒரு கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கடைக்கு வந்த எல்லா டேப்புக்கும் அதைத்தான் போட்டுச் சரிபார்த்தேன். உள்ளே தமிழ் எழுத்து இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. எனக்கு அது கீச்சு.

கை செய்த தப்பு

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் இரண்டு கேசட் கொண்டுவந்தார். ஒன்று புரோகிராம், ஒன்று காலி. "ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்ங்கண்ணா. இதுல இருக்கிறத அதுல ஏத்திக் குடுங்க."

கேசட்டின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். நாங்கள் அதைக் 'காது' என்போம். காதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டின்மேல் யாரும் பதிய முடியாது, பட்டன் அமுங்காது. டீச்சர் தன் கேசட்டின் காதைக் கவனமாக உடைத்து வைத்திருந்தார்.

ஆனால் எங்கள் ஊர் வழக்கம் வேறு. புதுக் கேசட் வாங்க முடியாதவர்கள் கடையில் விற்ற பழைய படப்பாட்டுக் கேசட்டைக் கொண்டுவந்து, அதன்மேலேயே வேறு பாட்டு ஏற்றச் சொல்வார்கள். அதற்கெல்லாம் காது உடைந்துதான் இருக்கும். ஓட்டையின்மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினால் பட்டன் அமுங்கிவிடும். ஒரு நாளைக்கு இருபது கேசட்டுக்காவது ஒட்டுவேன். காது உடைந்த கேசட்டைக் கண்டால் என் கை தானாகச் செலோ டேப்பைத் தேடும்.

தேடியது. ஒட்டியது. டீச்சரின் எழுத்தைப் பதிகிற பக்கம் போட்டேன். காலிக் கேசட்டை ஓடுகிற பக்கம் போட்டேன். கடையில் நாலு பேர் நின்றதால், கீச்சு அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அரைமணி நேரம் ஒரு வருஷத்து எழுத்தின்மேல் மௌனத்தை ஏற்றினேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்து சொன்னதுதான் நீங்கள் முதலில் படித்தது.

எனக்கு உடனே என் கீச்சுக் கேசட் ஞாபகம் வந்தது. "டீச்சர், மூணு மாசத்துக்கு முந்தினது முழுசா என்கிட்ட இருக்குது" என்றேன். அவர் முகம் மாறியது. மேஜையைத் திறந்தேன். கேசட் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிமலையில் மைக்செட் வைத்திருக்கும் சின்னக்கண்ணு பத்து நாளைக்கு முன்னால், தன் டேப்பைத் தானே சரிசெய்துகொள்வதாக, ஸ்க்ரூ டிரைவரோடு அதையும் சேர்த்து வாங்கிப் போயிருந்தார்.

மரத்துக்கு மரம் ஒரு ரேடியோ

அந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் கிளம்பினேன்.

ரோட்டை மறித்துக் கிடந்த முதல் புளியமரத்திலேயே மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். மரத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருப்பா அது? எங்க போற?"

"வெள்ளிமலைக்கு. ஒரு கேசட் எடுத்தாற."

"ஊரே நின்னுபோய்க் கெடக்குது, இவரு பாட்டு கேக்கப் போறாரு பாரு!"

"பாட்டு இல்லீங்க. அதுல தமிழ் எழுத்து கீது."

"கேசட்டுல எழுத்தா? இன்னா, எங்களப் பாத்தா எப்டித் தெரியுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் மட்டும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "நீ ரேடியோக்கடைக்காரன்தானே? இது ரெண்டு நாளா வாயத் தொறக்கல. மெட்ராஸ்ல இன்னா பேசிக்கினு கீறாங்கன்னு தெரியாமலே குந்திக்கினு கீறோம்" என்று ஒரு டிரான்சிஸ்டரை நீட்டினார்.

பேட்டரி ஸ்பிரிங் பச்சைப் பாசி பிடித்திருந்தது. சுரண்டிவிட்டு, சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளை மடித்து வைத்தேன். ரேடியோ பேசியது. நாலு பேர் இறங்கி என் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "போய்க்கினே இரு. அடுத்த மரத்துல ரேடியோக்காரர்னு சொல்லு, வுட்டுருவாங்க."

சொன்னேன். அடுத்த மரத்திலும் ஒரு ரேடியோ இருந்தது. அதற்கடுத்த மரத்திலும்.

பன்றி பயந்த எழுத்து

அடிவாரத்து டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு மலை ஏறினேன். வெயில் சாயும் நேரத்துக்கு வெள்ளிமலைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் கேசட்டைக் கேட்டேன். மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஒரு மரம், மரத்தில் குழாய் ஸ்பீக்கர், அதிலிருந்து டீச்சரின் எழுத்து மலை முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

சின்னக்கண்ணுவுக்கு ஒரே சந்தோஷம். "ரேடியோக்காரரே, நீங்க குடுத்த கேசட்டுக்குக் கோயிலே கட்டலாம். பத்து நாளா ஒரு பன்னி கெழங்குல வாய் வெக்கல!"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "அத்த எடுத்துக்கினு போய்ட்டா? கெழங்கு புடுங்க இன்னும் நாளு கீது. பன்னிக்கு நீங்களா காவல்?"

பையில் இருந்த பாட்டுக் கேசட்டைக் கொடுத்தேன்.

"பாட்டு போட்டா குட்டிங்களோட வந்து குந்திக்கினு கேக்கும்."

"அந்த கேசட்டுல இருக்கிறது தமிழ் எழுத்துங்க. ஒரு டீச்சர் ஒரு வருசமா எழுதினது. அவங்ககிட்ட வேற இல்ல."

சின்னக்கண்ணு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். "தமிழ் எழுத்தா? அதான் பன்னி ஓடுது. இஸ்கூல்ல நானும் அப்டித்தான் ஓடினேன்" என்றார். பிறகு எழுந்துபோய் மைக்கை எடுத்துவந்தார். ஒரு தகரத்தை அரத்தால் தேய்த்து, அரைமணி நேரம் பாட்டுக் கேசட்டின்மேலேயே பதிந்தோம். போட்டுக் கேட்டுவிட்டு, "பரவால்ல, பல்லு கூசுது. பன்னிக்கும் பல்லு கீதில்ல" என்று என் கேசட்டைக் கழற்றிக் கொடுத்தார். காலையில் இறங்கினேன். வழியில் மரங்களில் இருந்தவர்கள் "எழுத்து கெடச்சிதா?" என்று கேட்டார்கள்.

மூன்றாவது முறை

டீச்சர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கடை டிவியில் மாட்டினோம். கேசட்டைப் போட்டதும் திரையின் ஓரத்தில் கோடுகள் ஓடின. பாதியில் நின்றது. ஸ்க்ரூவைத் திருப்பினேன். மறுபடி ஓடி, மறுபடி நின்றது. டீச்சர் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது முறை வால்யூமைக் கூட்டி வைத்தேன். கடைக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கீச்சு கூர்மையாகும் இடத்தைத் தேடினேன். கீச்சு முடிந்தது. கண்ணைத் திறந்தபோது திரையில் 'அ' இருந்தது. டீச்சர் ஒரு கீயை அழுத்தினார். 'ஆ'. அழுத்திக்கொண்டே போனார். 'ஞ' வந்தபோது, "கால் இருக்குதுங்கண்ணா" என்றார்.

உயிரும் மெய்யும் அகர வரிசையும் கிடைத்தன. அதற்கப்புறம் மூன்று மாதமாக வரைந்த கி, கீ, கு, கூ எல்லாம் போனது போனதுதான். மறியலால் கண்காட்சி தள்ளிப்போனது. டீச்சர் மறுபடி சிலேட்டை எடுத்து முக்கால்வாசியை வரைந்துவிட்டார். கடலூரில் டிவிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். தலைமை ஆசிரியரும் அறை கொடுத்தார், விறகு போட்டு வைத்திருந்த அறை.

பிற்பாடு நான் எத்தனையோ கம்ப்யூட்டர் பிரித்துச் சேர்த்துவிட்டேன். பென் டிரைவ் நல்ல பொருள்தான். ஆனால் அது செத்தால் சத்தம் இல்லாமல் சாகிறது. கேசட் கத்திவிட்டுத்தான் சாகும். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: அடுத்தவர் பொருளில் வேலை செய்யும்போது, பிடிக்காத சத்தமாக இருந்தாலும் அதை நிறுத்தாதே. உனக்குக் கீச்சாக இருப்பது அவருக்கு என்ன என்று உனக்குத் தெரியாது. எதையும் இரண்டாக வை. கை பழகின வேலையைத்தான் கண்ணால் பார்த்துச் செய்.

திரையில் 'ஞ' வந்த அன்றைக்கே இதையெல்லாம் நான் டீச்சரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. என் கேசட்டை வெளியே எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காதையும் டக் டக்கென்று உடைத்தார். மேஜையில் இருந்த செலோ டேப்பை எடுத்தார். "வேற எங்கன்னா வெச்சிருக்கீங்களாண்ணா?" என்று கேட்டார். டிராயரைக் காட்டினேன். அதிலிருந்த இரண்டு செலோ டேப்பையும் எடுத்து, மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார்.