அண்ணனிடம் குறி கேட்டேன்

போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடத்தை இறக்கியதும் என் அண்ணனுக்கு வாய் கோணியது. பேச்சு குழறியது, வலது கை துவண்டது. "அருள் வந்துருச்சு" என்று முதலில் சொன்னது நான்தான்.

பக்கத்தில் நின்ற பெண், "அக்கா, நான் நர்ஸ். இது ஸ்ட்ரோக் லா, மூளைக்கு ரத்தம் போகல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள். சாமி காரியத்தில் குறுக்கே வராதே என்று அவளை விரட்டிவிட்டு, உறுமியைப் பலமாக அடிக்கச் சொன்னேன்.

அண்ணன் மயங்கிச் சாய்ந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அன்று இடது கையால் என்னை இறுகப் பிடித்து ஏதோ சொல்லப் பார்த்தார். காப்பாற்று என்றுதான் சொல்லியிருப்பார். நானோ அவர் காலில் விழுந்து, என் மகளுக்கு எப்போது கல்யாணம் கூடிவரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.